மதர்போர்டு மாற்றினால் விண்டோஸைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: நவம்பர் 2, 2025

வீட்டுக் கணினி இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5. 8 ஜி.பி. ரேம், ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி., படங்களும் கோப்புகளும் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்தப் பிராசசர் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. அதனால் மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றி, கூடவே ஒரு என்.வி.எம்.இ. (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்.எஸ்.டி.யும் போடப்போகிறேன். தெரிந்தவர் ஒருவர், எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர், பழைய டிஸ்கை அப்படியே மாட்டினால் தானாக ஓடும் என்கிறார். எதை நம்புவது?

நவம்பர் 2

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை மாற்றினால் ஓ.எஸ்.ஸை, அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை, தொடவே வேண்டாம். டிஸ்க் மட்டும் மாறினால் குளோன் செய்தால், அதாவது அப்படியே முழு நகலெடுத்தால், போதும். மதர்போர்டு மாறும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டுமே பெரும்பாலும் புதிய போர்டில் எழுந்துவிடும். முதல் பூட்டில் சாதனங்களைத் தயார் செய்வதாகக் கொஞ்ச நேரம் காட்டி, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகி, டெஸ்க்டாப்புக்கு வந்து சேரும். எக்ஸ்பி காலத்தில் இந்த வசதி கிடையாது. டிஸ்க் கன்ட்ரோலர் வேறு வகையாக இருந்தால், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரைதான்.

உங்களுக்கு நான் சொல்வது இது. கடைசியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே போடுங்கள், ஆனால் போர்டு மாற்றும் அதே நாளில் வேண்டாம். முதலில் பழைய விண்டோஸோடு புதிய போர்டை ஒரு வாரமாவது ஓட்டுங்கள். அது ஆடாமல் அசையாமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11.

நவம்பர் 2, இரவு

ஏன் ஒரே நாளில் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி; ஒரே நாளில் முடிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

என் தம்பியின் கணினிக்குப் புது போர்டு, புது ரேம், புது எஸ்.எஸ்.டி. எல்லாம் மாட்டி, அன்றைக்கே விண்டோஸ் போட உட்கார்ந்தோம். கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் பிழை. மறுபடி போட்டால் வேறு சதவீதத்தில் வேறு பிழை. பென் டிரைவைச் சந்தேகப்பட்டோம், மாற்றினோம். இறக்கிய ஐ.எஸ்.ஓ.வை (விண்டோஸ் இன்ஸ்டால் கோப்பை) சந்தேகப்பட்டோம், மறுபடி இறக்கினோம். எஸ்.எஸ்.டி.யைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வரை போனது. கடைசியில் பயாஸுக்குள், அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரைக்குள், போய் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை அணைத்தபோதுதான் இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்தது. அந்த வேகத்தில் அந்த ரேம் ஜோடி அந்த போர்டில் நிலையாக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே புதிது என்பதால் எதையும் நம்ப முடியவில்லை. அங்கே பழைய, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விண்டோஸை மாட்டிப் பார்த்திருந்தால், கோளாறு வன்பொருளில்தான் என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். இன்ஸ்டால் என்பது சில ஜி.பி. சுருக்கப்பட்ட கோப்புகளை விரித்து எழுதுகிற வேலை. ரேமில் ஒரு பிட் புரண்டாலும் அது எங்கோ பதிந்துவிடும். இன்ஸ்டால் முடிந்துவிட்டால் இன்னும் மோசம். மாதக்கணக்கில் அவ்வப்போது காரணம் தெரியாமல் தொங்கும்.

ஆகவே போர்டு மாட்டியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, தூங்கப் போகும் முன் ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. ஒன்றுதானே என்று விடாதீர்கள். எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ போன்ற வேக அமைப்புகளை அணைத்து ஒருமுறை, இயக்கி ஒருமுறை. இன்ஸ்டால் செய்யும்போது அணைத்தே வையுங்கள்.

நவம்பர் 3

விட்டுப்போன ஒன்று. டி.டி.ஆர்.5 ரேம் வாங்குகிறீர்கள் என்றால், முதல்முறை ஆன் செய்ததும் திரை வெறுமையாகவே இருக்கும். சில நிமிடங்கள்கூட ஆகலாம். ரேமின் நேரக்கணக்குகளைப் போர்டு பழகிக்கொண்டிருக்கிறது. பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காத்திருங்கள்.

நவம்பர் 4

பழைய டிஸ்கை அப்படியே மாட்டலாம் என்று மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் கணினியின் வயதைப் பார்த்தால் அது உங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

அந்தக் காலகட்டத்துக் கணினிகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் பழைய பழக்கத்தில் லெகசி என்னும் பழைய பூட் முறையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்க் எம்.பி.ஆர். என்னும் பழைய பிரிப்பு அமைப்பில் இருக்கும். இப்போது வரும் பல போர்டுகளில் அந்த லெகசி வழியே கிடையாது, அல்லது தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தான் திறக்கும். யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய பூட் முறை மட்டும் தெரிந்த போர்டுக்கு உங்கள் பழைய டிஸ்கில் பூட் ஆகிற ஒன்று இருப்பதே தெரியாது. நீலத்திரைகூட வராது, நேராக பயாஸ் திரையில் போய் நிற்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரிபார்ப்பது சுலபம். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யு.இ.எஃப்.ஐ. என்றிருந்தால் கவலை இல்லை. லெகசி என்றிருந்தால், போர்டைக் கழற்றும் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டு 1703 பதிப்பிலிருந்து எம்.பி.ஆர்.-டூ-ஜி.பி.டி. என்ற கருவி உள்ளேயே வருகிறது. தகவல் அழியாமல் டிஸ்கை, யு.இ.எஃப்.ஐ.க்கு வேண்டிய ஜி.பி.டி. அமைப்புக்கு மாற்றிவிடும். ஓடும் விண்டோஸிலிருந்தே செய்யலாம், அதற்கென ஒரு கூடுதல் சொல்லைக் கட்டளையோடு சேர்க்க வேண்டும். முதலில், எதையும் மாற்றாமல் சோதித்து மட்டும் பார்க்கும் வேலிடேட்டை ஓட்டிப் பாருங்கள். டிஸ்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ அங்கேயே மறுத்துவிடும். முடிந்ததும் பழைய போர்டின் பயாஸில் யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்றி, அங்கேயே ஒருமுறை பூட் செய்து பாருங்கள். ஆறாம் தலைமுறை போர்டுகளுக்கு யு.இ.எஃப்.ஐ. தெரியும். அப்புறம்தான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பேக்கப். வெளி டிஸ்கில், கணினியிலிருந்து கழற்றி வைத்த டிஸ்கில். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் "டி டிரைவில் நகல் வைத்திருக்கிறேன்" என்கிறார். டி டிரைவ் பெரும்பாலும் அதே டிஸ்கின் இன்னொரு பகுதி. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

நவம்பர் 4, மதியம்

இன்னொரு சின்ன விஷயம்: பழைய போர்டில் சாட்டா டிஸ்கை இயக்கும் முறையை ஐ.டி.இ. என்ற பழைய வகையில் வைத்திருந்தால், புதிய போர்டு ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய வகையில் ஓட்டும்போது நீலத்திரையில் "இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்" என்று வரும். பழைய போர்டிலேயே சேஃப் மோடுக்கு அமைத்துவிட்டு, பயாஸில் ஏ.எச்.சி.ஐ. ஆக்கி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் சரியான டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும்.

நவம்பர் 5

லைசென்ஸ் பற்றிக் கேட்டவருக்கு.

ஆக்டிவேஷன் (லைசென்ஸைச் சரிபார்த்து ஏற்பது) பெரும்பாலும் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம், டிஸ்க் மாறினால் அது கண்டுகொள்வதில்லை. போர்டு மாறினால் வேறு கணினி என்று எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது கணினியோடு வந்த ஓ.இ.எம். லைசென்ஸா, தனியாக வாங்கிய ரீடெய்லா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரீடெய்ல் என்றால் புதிய போர்டுக்குக் கொண்டுபோகலாம், ஓ.இ.எம். என்றால் விதிப்படி அந்தப் பழைய போர்டோடு அதன் கதை முடிந்தது. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளையை டி.எல்.ஐ. சேர்த்து ஓட்டினால் எந்த வகை என்று ஒரு சிறு பெட்டியில் காட்டும்.

ரீடெய்ல் உள்ளவர்கள் போர்டைக் கழற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, லைசென்ஸ் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று ஆக்டிவேஷன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய போர்டில் எழுந்ததும் அதே பக்கத்திலுள்ள டிரபிள்ஷூட்டரில், அண்மையில் வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் 10 லைசென்ஸ் விண்டோஸ் 11-க்கும் செல்லும். விண்டோஸ் 7 கீயை வைத்துக்கொண்டு புதிதாகப் போடுகிற வழி மட்டும் 2023-இல் மூடப்பட்டுவிட்டது.

நவம்பர் 5, இரவு

பிட்லாக்கர், அதாவது டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸின் என்கிரிப்ஷன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு முக்கியம்.

டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதன் சாவி டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. டி.பி.எம். போர்டிலோ பிராசசரிலோ இருக்கிறது. அது இருக்கிற பாகத்தை மாற்றினால் அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் டிஸ்கில் இருப்பது இருந்தும் இல்லாததுதான். எந்தக் கடையிலும், எந்த மென்பொருளிலும் தீர்வு கிடையாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

"நான் என்கிரிப்ட் செய்யவே இல்லையே" என்பவர்களும் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். சாவியைத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது கணினி அமைத்துக் கொடுத்தால், அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன.

போர்டை மாற்றாமல் ஏ.எம்.டி. பிராசசரை மட்டும் மாற்றுகிறவர்கள்: முதல் பூட்டில், பிராசசருக்குள் இருக்கும் டி.பி.எம்.மான எஃப்.டி.பி.எம்.மை ரீசெட் செய்யட்டுமா என்று கேட்கும். சாவி கையில் இல்லாமல் அங்கே ஒய் அழுத்தாதீர்கள். பயாஸ் அப்டேட்டையும் பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே முடித்துவிடுங்கள். பழைய பயாஸுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாமல் போகலாம்.

நவம்பர் 7

எஸ்.எஸ்.டி. மட்டும் மாற்றிய ஒருவர் எழுதியிருக்கிறார்: குளோன் செய்தேன், புதிய எஸ்.எஸ்.டி. பெரியது, மீதி இடம் காலியாகத் தெரிகிறது, ஆனால் சி டிரைவை விரிக்க முடியவில்லை.

சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில், விண்டோஸின் மீட்பு வசதிக்கான ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒட்டி இருக்கும் காலி இடத்தை மட்டும்தான் சேர்க்கும். பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் ஜிபார்ட்டட் என்னும் பார்ட்டிஷன் கருவியைக் கொண்டு அந்த ரெகவரியைக் கடைசிக்கு நகர்த்தினால் வழி கிடைக்கும். குளோன் செய்யும் மென்பொருளிலேயே நகலெடுக்கும்போது பார்ட்டிஷன் இடத்தை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. குளோன் முடிந்து முதல்முறை எழுப்பும்போது பழைய டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் எதிலிருந்து எழுந்தது என்றே தெரியாமல் போகும்.

நவம்பர் 8

டிஸ்கைக் கழற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால், புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11 போடும் நாளுக்கான விஷயத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இன்ஸ்டால் முடியும்வரை அந்த ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் கணினியில் இருக்கட்டும். பழைய சாட்டா எஸ்.எஸ்.டி., ஹார்ட் டிஸ்க் இரண்டின் கேபிளையும் உருவிவிடுங்கள். தப்பான டிஸ்கை ஃபார்மட் செய்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது காரணம் அவ்வளவாகத் தெரிவதில்லை. வேறொரு டிஸ்கில் ஏற்கெனவே, பூட் கோப்புகளுக்கான இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் ஒன்று இருந்தால், விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அதிலேயே எழுதிவிடுவதுண்டு. விண்டோஸ் புது எஸ்.எஸ்.டி.யில் இருக்கும், அதை எழுப்பும் கோப்புகள் பழைய டிஸ்கில் இருக்கும். எல்லாம் நன்றாக ஓடும், அந்தப் பழைய டிஸ்கைக் கழற்றும் நாள் வரை.

என் அலுவலக நண்பருக்கு இதுதான் நடந்தது. சத்தம் போடுகிறதே என்று பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்தார், கணினி எழவில்லை. புது எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டது என்று சர்வீஸ் கடையில் சொல்லி, இன்னொன்று வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எஸ்.எஸ்.டி.க்கு ஒன்றுமில்லை. இன்ஸ்டால் பென் டிரைவில் எழுப்பி, சி-யிலிருந்து கொஞ்சம் இடம் சுருக்கி, அதில் ஒரு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் உருவாக்கி, பி.சி.டி.பூட் கட்டளையால் பூட் கோப்புகளை எழுதியதும் எழுந்துவிட்டது. ஒரு கேபிளை உருவியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

நவம்பர் 9

பென் டிரைவ் தயாரிப்பு. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும். ஐ.எஸ்.ஓ.வை இறக்கிக் கையால் நகலெடுக்கப் பார்த்தால் அதிலுள்ள இன்ஸ்டால் விம் என்ற கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டி நிற்கும், பென் டிரைவின் ஃபேட்32 அமைப்பு அதை ஏற்காது. பூட் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளைப் பயன்படுத்தினால் அது என்.டி.எஃப்.எஸ். என்ற வேறு அமைப்பில் போட்டு அந்தச் சிக்கலைத் தாண்டிவிடும்.

அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, போர்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை இறக்கி வையுங்கள். விண்டோஸ் 11 அமைப்பின்போது இணையம் கேட்கிறது. உங்கள் போர்டின் 2.5 ஜிகாபிட் லேன் சிப்புக்கான டிரைவர் விண்டோஸோடு வரவில்லையென்றால் அந்தத் திரையிலேயே நின்றுவிடுவீர்கள். அவசரத்துக்கு, ஆண்ட்ராய்டு ஃபோனை யு.எஸ்.பி.யில் மாட்டி டெதரிங் (ஃபோன் இணையத்தைப் பகிர்வது) இயக்கினால் பெரும்பாலும் வேலை செய்யும்.

இன்டெல் போர்டு என்றால் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரும் வையுங்கள். பதினொன்றாம் தலைமுறையிலிருந்து, டிஸ்குகளை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற அமைப்பு சிலவற்றில் இயங்கிக்கொண்டிருக்கும். அப்போது இன்ஸ்டாலர் எந்த டிஸ்கும் இல்லை என்று சொல்லும். டிரைவரை லோட் செய்யுங்கள், அல்லது இன்ஸ்டாலுக்கு முன்பே பயாஸில் வி.எம்.டி.யை அணையுங்கள். போட்ட பிறகு அணைத்தால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

நவம்பர் 11

லினக்ஸ் பற்றி ஒருவர் கேட்டதால் இழை கொஞ்சம் திசை மாறுகிறது. எனக்குப் பிடித்த திசைதான்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலோடு வந்துவிடுவதால், டிஸ்கை ஒரு போர்டிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பெரும்பாலும் எந்தப் பேச்சும் இல்லாமல் எழுந்துவிடும். என் உபுண்டு அப்படித்தான் போர்டு மாறி வந்திருக்கிறது. கவனிக்க வேண்டியவை சில. நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும், நிலையான ஐ.பி. அமைத்திருந்தால் அது பழைய பெயரிலேயே காத்திருக்கும். ஃபெடோரா லினக்ஸில், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்.எஸ். கோப்பு அந்தக் கணினிக்கு வேண்டிய அளவுக்கே கட்டப்படுகிறது. எழவில்லையென்றால் பூட் பட்டியலிலுள்ள ரெஸ்க்யூ வழியாக எழுப்பி மறுபடி கட்டிக்கொள்ளலாம். மிகப் புதிய போர்டு என்றால் பழைய கெர்னலுக்கு அதன் வைஃபை தெரியாது. என்விடியாவிலிருந்து ஏ.எம்.டி. கார்டுக்கு மாறுகிறவர்கள் என்விடியா டிரைவரை முன்பே நீக்கிவிடுங்கள்.

இரண்டு ஓ.எஸ். வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு டிஸ்கை நகர்த்துங்கள். அது ஷட்டவுனில் முழுதாக மூடுவதில்லை. லினக்ஸ் அந்த என்.டி.எஃப்.எஸ். பகுதியில் எழுத மறுக்கும், மறுப்பதுதான் சரியும்கூட.

பழைய ஆறாம் தலைமுறை போர்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அதில் லினக்ஸ் இன்னும் பல வருடம் ஓடும். படிக்கிற பிள்ளை யாருக்காவது அது முழுக் கணினி. விண்டோஸ் 10-ஐயே விட மனமில்லை என்றால், வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது.

நவம்பர் 16

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். டிஸ்க் லெகசியில்தான் இருந்திருக்கிறது, ஜி.பி.டி.க்கு மாற்றி, பழைய விண்டோஸ் 10 புதிய போர்டில் எழுந்துவிட்டது. ஆனால் கேம் ஓடும்போது மட்டும் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது, இப்போதே விண்டோஸ் 11 போட்டால் சரியாகுமா என்கிறார்.

போடாதீர்கள். இதற்காகத்தான் ஒரு வாரம் கேட்டேன். நீலத்திரை இல்லாமல், சுமை ஏறும்போது மட்டும் பட்டென்று அணைந்து எழுகிறது என்றால் பவர் சப்ளை, வெப்பம் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். பிராசசரின் 8 பின் பவர் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா, பழைய பவர் சப்ளை புதிய பிராசசருக்குப் போதுமா. எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெப்பநிலையைப் பார்த்தபடி ஓட்டுங்கள்.

நவம்பர் 18

பவர் சப்ளைதான். வேறொன்றை இரவல் வாங்கி மாட்டியதும் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். அந்த ரீஸ்டார்ட் இன்ஸ்டாலின் நடுவில் வந்திருந்தால் எங்கே போய்த் தேடியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். புதிய பவர் சப்ளை வந்து, மெம்டெஸ்டும் ஒரு ராத்திரி ஓடிய பிறகு விண்டோஸ் 11 போடுங்கள்.

நவம்பர் 23

விண்டோஸ் 11 ஓடுகிறதாம். ஆக்டிவேஷனும் கணக்கு வழியாக வந்துவிட்டது. கடைசிக் கேள்வி: பழைய எஸ்.எஸ்.டி.யை மாட்டினால், பழைய யூசர் ஃபோல்டருக்குள் போக அனுமதி இல்லை என்கிறது.

கன்டினியூ அழுத்திக் காத்திருங்கள், கோப்புகள் நிறைய இருந்தால் நேரம் எடுக்கும். அதுவும் மறுத்தால் ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதியில் ஓனரை உங்கள் புதிய பயனருக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் மட்டும் எடுத்தால் போதாது. பிரௌசர் புக்மார்க்குகளும் சில கேம்களின் சேவ் கோப்புகளும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். ஆனால் குரோம், எட்ஜ் போன்ற பிரௌசர்களில் சேமித்த கடவுச்சொற்கள் அப்படி நகலெடுத்தால் வராது, அவை பழைய விண்டோஸின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. அதற்குப் பழைய எஸ்.எஸ்.டி.யிலிருந்தே ஒருமுறை பூட் செய்து, பிரௌசரிலிருந்து ஏற்றுமதி செய்யுங்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த எஸ்.எஸ்.டி.யை இப்போதைக்கு ஃபார்மட் செய்ய வேண்டாம்.